கருக்கலைப்பு மாத்திரையும் உலகத்துச் சட்டங்களும்

(மாதர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாதாரணமாய் மேடைகளில் பேசப்படுவதல்ல. கிணற்றடியிலும் அடுப்படியிலும் காதோடு காதாய்ப் பேசப்பட்டு, ஆண்பிள்ளை ஒருவன் வந்துவிட்டால் அத்தோடு நிறுத்தப்படுவதாகும். நாம் டாக்டருமல்ல, வக்கீலுமல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததும் சொற்பந்தான். பிறகு கையில் கிடைத்ததைப் படித்து, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மட்டில் சொல்லுகிறோம். பிசகென்று பட்டால் இந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இதைப்பற்றிப் பேச வேண்டுமென்று நமக்கு ஏன் தோன்றிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ஒரு அம்மாள், மூன்று பிள்ளைகளைப் பெற்றவர், தயங்கித் தயங்கி வந்து, "அய்யா, அந்த மாத்திரையை முழுங்கினால் போலீசு பிடிக்குமா?" என்று கேட்டார். விசாரித்ததில் சங்கதி வெளியாயிற்று. டவுனில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். புருஷன் கையெழுத்தில்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். புருஷனோ தூரதேசத்தில் கூலிக்குப் போயிருக்கிறான். பிறகு ஒரு மருந்துக் கடையில், பில் இல்லாமல், விலையைப்போல் நாலு பங்கு வாங்கிக்கொண்டு, ஒரு அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எதை முதலில் சாப்பிடுவது, எத்தனை நாள் கழித்து மற்றது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அட்டை மடியில் இருக்க, கேள்வி வாயில் இருந்தது. மேடையில் ஒன்றரை மணி நேரம் பெண் விடுதலை பேசிவிட்டு இறங்கிய நமக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் படிக்கத் தொடங்கியதுதான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறது.

கருவைக் கலைப்பது இந்தக் காலத்துப் பெண்கள் கண்டுபிடித்த அக்கிரமம் என்று நமது வைதீகர்கள் சொல்லுகிறார்கள். அப்படியானால் எருக்கங்குச்சி என்ற வார்த்தை நமது பாட்டிமாருக்கு எப்படித் தெரிந்தது? எருக்கம்பாலைத் தோய்த்த குச்சியை உள்ளே செலுத்தி, அதனால் சீழ்ப்பிடித்துச் செத்த பெண்களின் கணக்கை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதி வைக்கவில்லை. "வயிற்றுவலியால் போய்விட்டாள்" என்று சொல்லி எடுத்துப்போட்டுவிட்டார்கள். ஆகவே, கலைப்பது புதிதல்ல. சாகாமல் கலைப்பதுதான் புதிது.

அந்தப் புதிது என்னவென்றால் இரண்டு மருந்துகளாகும். முதலாவது மிஃபிப்ரிஸ்டோன் என்பது. கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் என்ற சத்தை வேலை செய்யவொட்டாமல் இது தடுக்கிறது. ஒன்று இரண்டு நாள் கழித்து எடுக்கும் இரண்டாவது மருந்து மிஸோப்ரோஸ்டால் என்பது. இது கருப்பையைச் சுருங்கச் செய்து உள்ளிருப்பதை வெளியே தள்ளுகிறது. இயற்கையாய்க் கரு கலைந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2005-ம் வருஷத்தில் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்தது. நெருங்கிய வைத்திய மேற்பார்வை வேண்டுமென்று அப்போது போட்டிருந்த குறிப்பை 2019-ம் வருஷத்தில் எடுத்துவிட்டது. 2022-ம் வருஷத்தில், சரியான மருந்தும், சரியான தகவலும், தேவைப்பட்டால் ஓடிப்போக ஒரு ஆஸ்பத்திரியும் இருக்குமானால் 12 வாரத்துக்குள் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம் என்றும், இதைக் குற்றச் சட்டத்திலிருந்தே நீக்கிவிட வேண்டுமென்றும் சொல்லிற்று.

மருந்தின் கதை இவ்வளவுதான். சட்டத்தின் கதைதான் நீளமானது. ஏனெனில், மருந்து வந்தது 1988-ம் வருஷத்தில். சட்டம் வந்ததோ அதற்கு நூறு வருஷத்துக்கு முந்தி. அன்றைக்குக் கரு கலைப்பதற்கு இருந்த வழி கத்தி, அல்லது விஷம். இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு செய்த சட்டத்தை இந்த மாத்திரையின் மேல் போர்த்தப் பார்க்கிறார்கள்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். 1861-ம் வருஷத்துச் சட்டத்தின் 58-வது பிரிவு, ஒரு பெண் தன் கருவைக் கலைக்கும் எண்ணத்தோடு விஷத்தையோ கெடுதலான வேறு வஸ்துவையோ தானே உட்கொண்டால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்கிறது. 59-வது பிரிவு அதை வாங்கிக் கொடுத்தவனுக்கும் தண்டனை வைத்தது. பிறகு 1967-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அது பழைய சட்டத்தை எடுத்துப் போட்டுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பழைய சுவர் அப்படியே நிற்க, அதில் ஒரு வாசல் மாத்திரம் வெட்டினார்கள். இரண்டு டாக்டர்கள் சம்மதித்து, ஆஸ்பத்திரியிலோ சர்க்கார் அங்கீகரித்த இடத்திலோ நடந்தால் குற்றமில்லை என்பதே அந்த வாசல். சத்திர சிகிச்சைக்கு ஒரு இடம் வேண்டும், மேஜை வேண்டும், விளக்கு வேண்டும். ஆதலால் "இடம்" என்று சட்டத்தில் எழுதியதில் அன்றைக்கு அர்த்தமிருந்தது.

1991-ம் வருஷத்தில் அங்கே மாத்திரை வந்தது. மாத்திரை விழுங்குவதற்கு என்ன இடம் வேண்டும்? ஒரு குவளைத் தண்ணீர் போதாதா? போதாது என்றது சட்டம். பெண் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து முதல் மருந்தை விழுங்க வேண்டும். இன்னொரு நாள் வந்து இரண்டாவதையும் அங்கேயே எடுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். இரண்டாவது மருந்து சில மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால் பஸ்ஸிலும் ரயிலிலும் வரும்போதே வலியும் இரத்தப்போக்கும் ஆரம்பித்த பெண்கள் உண்டு. இந்தக் கொடுமைக்காக 2011-ம் வருஷத்தில் ஒரு தர்ம ஸ்தாபனம் கோர்ட்டுக்குப் போயிற்று. மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு "சிகிச்சை" முடிந்துவிட்டது, விழுங்குவதை எங்கு விழுங்கினாலென்ன என்பது அவர்கள் வாதம். விழுங்குவதும் சிகிச்சையே, ஆனால் மந்திரி விரும்பினால் வீட்டையும் "அங்கீகரித்த இடம்" என்று அறிவிக்கலாம் என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். அதாவது, சட்டத்தை மாற்றக்கூட வேண்டியதில்லை, மந்திரி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அந்தக் கையெழுத்துக்கு ஸ்காட்லாந்து 2017 வரைக்கும், வேல்ஸும் இங்கிலாந்தும் 2018 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் இரண்டாவது மருந்துக்கு மாத்திரம்.

முதல் மருந்தையும் வீட்டில் எடுக்கலாம் என்ற அனுமதியை வாங்கிக் கொடுத்தது யார் தெரியுமா? ஒரு கிருமி! 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, டாக்டரிடம் போனில் பேசி, தபாலில் இரண்டு மருந்தையும் பெற்று, பத்து வாரத்துக்குள் வீட்டிலேயே எடுக்கலாம் என்று உத்தரவிட்டார்கள். வைதீகர்கள் "பெண்கள் செத்து விழுவார்கள்" என்றார்கள். அதற்கு முன்னும் பின்னுமாய் 52,142 பெண்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்து பார்த்தார்கள். பழைய முறையில் நூற்றுக்கு 98.2 பேருக்குப் பலித்தது. புதிய முறையில் 98.8 பேருக்குப் பலித்தது. காத்திருக்கும் நாளும் சராசரி நாலு நாள் குறைந்தது. பிறகு அந்தத் தற்காலிக அனுமதியை நிறுத்த வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்று 2022 மார்ச்சில் பார்லிமெண்டில் ஓட்டெடுத்தார்கள். 215-க்கு 188. வைத்துக்கொண்டார்கள்.

ஆனால், சுவர் நின்றுகொண்டுதானிருந்தது. வாசலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்றவள் 1861-ம் வருஷத்துக் கைதியானாள். 2023-ம் வருஷத்தில், வாரம் கடந்தபின் தபால் மாத்திரையை எடுத்துக்கொண்ட ஒரு தாய்க்கு 28 மாதத் தண்டனை கொடுத்தார்கள். அப்பீலில் அது 14 மாதமாகக் குறைந்து, நிறுத்தி வைக்கப்பட்டது. வாரம் கடந்து எடுத்தது சரியென்று நாம் சொல்ல வரவில்லை, அது ஆபத்து. ஆனால் அதற்குச் சிறைதான் மருந்தா? இந்த எண்ணம் அங்கே பலருக்கும் வந்ததன் பேரில், பெண் தன் கருவைப் பற்றிச் செய்துகொண்டதற்காக அவள் மேல் குற்றமில்லை என்ற திருத்தத்தை 2025 ஜூன் 17-ந் தேதி காமன்ஸ் சபை 379-க்கு 137 ஓட்டால் ஏற்றுக்கொண்டது.

பிரான்சு தேசத்து விஷயம் வேறு மாதிரி. மிஃபிப்ரிஸ்டோன் அங்கேதான் பிறந்தது. எத்தியென் எமீல் போல்யூ என்ற விஞ்ஞானி அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். 2025-ம் வருஷத்தில் தமது 98-வது வயதில் காலமானார். 1988 செப்டம்பரில் சர்க்கார் அதை அங்கீகரித்தது. உடனே பாதிரிமாரும் மற்றவர்களும் கூச்சலிட்டார்கள், கம்பெனிச் சரக்கைப் பகிஷ்கரிப்போம் என்றார்கள். கம்பெனிக்காரர் பயந்துபோய் அக்டோபர் 26-ந் தேதி, மருந்தை விற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அப்போது சுகாதார மந்திரியாயிருந்த குளோத் எவ்வான் என்பவர் இரண்டே நாளில், அங்கீகாரம் கொடுத்த பிறகு இது கம்பெனியின் சொத்து மாத்திரமல்ல, தார்மீகமாய்ப் பெண்களின் சொத்து என்று சொல்லி, திரும்ப விற்க வைத்தார். பெண்ணையே சொத்து என்று எழுதி வைத்த உலகத்தில், ஒரு மருந்து பெண்ணின் சொத்து என்று ஒரு மந்திரி சொன்னதைப் படித்தபோது நமக்குப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைக்கவேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் அதே தேசம், கருக்கலைப்புச் சுதந்திரத்தைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. 780 பேர் ஆதரவு, 72 பேர் எதிர்ப்பு.

பிரேசில் தேசத்தில் மந்திரியுமில்லை, விஞ்ஞானியுமில்லை, பெண்களே கண்டுபிடித்தார்கள். அங்கே 1940-ம் வருஷத்துப் பீனல் கோடு, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கு ஒன்று முதல் மூன்று வருஷம் தண்டனை வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பலாத்காரம் இவைகளுக்கு மாத்திரம் விலக்கு. 2012-ல் மூளை வளராத சிசுவுக்கும் கோர்ட்டு விலக்குக் கொடுத்தது. இப்படியிருக்க, 1986-ம் வருஷத்தில் வயிற்றுப்புண்ணுக்கு மிஸோப்ரோஸ்டால் கடைக்கு வந்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்று அதிலே எச்சரிக்கை. எச்சரிக்கையைப் படித்த பெண்கள் அதையே விளம்பரமாக எடுத்துக்கொண்டார்கள்! குச்சியும் ஊசியும் போட்டுக்கொண்டு அழுகிய காயத்தோடு வந்த பெண்கள் குறைந்து, ஆஸ்பத்திரிக்கு வருபவர்களின் நிலைமை முன்னைவிட லேசாயிருப்பதை டாக்டர்களே கண்டார்கள். இதைக் கண்டு சர்க்கார் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? 1991-ல் விற்பனையைக் கட்டுப்படுத்தி, 1998-ல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பூட்டிவிட்டார்கள். பூட்டியதும் என்ன ஆயிற்று? பெண்கள் நிறுத்தவில்லை. சரக்குக் கள்ளச் சந்தைக்குப் போயிற்று, உள்ளே இருப்பது மருந்தா மாவா என்று தெரியாமல் போயிற்று.

இனி அமெரிக்கா. 2000-ம் வருஷத்தில் அங்கே மருந்து அங்கீகரிக்கப்பட்டது. 2022 ஜூன் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கருக்கலைப்பு அரசியல் சட்டம் கொடுத்த உரிமையல்ல, அந்தந்த ராஜ்யம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. அதன் விளைவாய் ஒரே மாத்திரை நியூயார்க்கில் மருந்து, லூசியானாவில் குற்றச் சரக்கு. லூசியானா 2024 அக்டோபர் முதல் இவ்விரண்டு மருந்துகளையும் போதை தரும் சரக்குகளோடு ஒரே ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. இதிலே வேடிக்கை, அல்ல, விபரீதம் என்னவென்றால், பிரசவத்தில் இரத்தம் கொட்டும்போது நிறுத்துவதற்கும் இதே மிஸோப்ரோஸ்டால்தான் உதவுகிறது. அது கட்டில் பக்கத்தில் கைக்கெட்ட இருக்கவேண்டிய மருந்து. அதைப் பூட்டி வைத்துச் சாவியைத் தேடும்படி செய்துவிட்டார்கள். 2025 ஜனவரியில், நியூயார்க்கிலிருந்து மருந்து அனுப்பிய டாக்டர் மேல் லூசியானா குற்றஞ்சாட்டிற்று. டாக்டரை ஒப்படைக்கமாட்டேன் என்று நியூயார்க் கவர்னர் மறுத்துவிட்டார். மருந்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்யக் கேட்ட வழக்கு வேறு நடந்தது. வழக்குப் போட்ட டாக்டர்களோ அந்த மருந்தை எழுதிக் கொடுப்பவர்களே அல்லர். உங்களுக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்டு, 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது ஜட்ஜுகளும் ஒருமனதாய்த் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு அமர்க்களத்துக்கும் நடுவில் 2023-ம் வருஷத்தில் அந்த நாட்டில் நடந்த கருக்கலைப்பில் நூற்றுக்கு 63 மாத்திரையாலேயே நடந்தது.

போலந்தில் பெண்ணைத் தண்டிப்பதில்லை, உதவினவர்களைத் தண்டிக்கிறார்கள். மூன்று வருஷம் வரை. மருந்து அனுப்பிய ஒரு பெண்ணுக்கு 2023-ல் தண்டனை கொடுத்து, 2025-ல் அப்பீலில் அதை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். மூழ்குகிறவள் மேல் கேஸ் இல்லையாம், கை கொடுத்தவள் மேல் கேஸாம்.

நிற்க, நமது நாட்டு விஷயத்துக்கு வருவோம். 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு 312-வது பிரிவு, கருச்சிதைவு செய்தவருக்கு மூன்று வருஷம் வரையிலும், வயிற்றில் சிசு அசையத் தொடங்கிய பிறகானால் ஏழு வருஷம் வரையிலும் தண்டனை என்று சொல்லி, தானே செய்துகொள்ளும் பெண்ணும் இதிலே அடக்கம் என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்தது. இது நமது தர்மம், நமது கலாசாரம் என்று மார்தட்டுகிறவர்களுக்குச் சொல்லுகிறோம்: இதற்கு முதல் நகல் எழுதியது மெக்காலே துரையின் கமிஷனேயாகும். 2024 ஜூலை முதல் அந்தக் கோடு போய் புதிய பேரில் வேறொன்று வந்தது. 312 என்பது 88 ஆயிற்று. சாரம் மாறவில்லை.

இந்தச் சுவருக்கும் 1971-ல் ஒரு வாசல் வைத்தார்கள். 2021-ல் அதை அகலப்படுத்தினார்கள். இன்றைய நிலைமையில், 20 வாரம் வரையில் ஒரு டாக்டர் அபிப்பிராயமும், அதற்குமேல் 24 வாரம் வரையில் குறிப்பிட்ட சில பெண்களுக்கு இரண்டு டாக்டர் அபிப்பிராயமும் வேண்டும். மாத்திரைக்கென்று தனிச் சட்டமில்லை. விதிகளில்தான் அது வருகிறது. 2003-ம் வருஷத்து விதி ஏழு வாரம் என்றது. 2021-ம் வருஷத்து விதி ஒன்பது வாரம் என்றது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். தகுதிபெற்ற டாக்டர் தன் சொந்த இடத்தில் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அங்கீகரித்த ஆஸ்பத்திரியோடு அவருக்குத் தொடர்பு இருக்க வேண்டும். இதுதான் சட்டம்.

நடப்பு என்ன? 2015-ம் வருஷத்தில் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்பு நடந்ததாய்க் கணக்கிட்டார்கள். அதில் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரையால். அதாவது ஒரு கோடிப் பெண்களுக்கு மேல் அந்த வாசலுக்கு வெளியே நின்றே விழுங்கினார்கள். எழுத்தின்படி பார்த்தால் அத்தனை பேரும் குற்றவாளிகள். ஒரு கோடிப் பேரைக் குற்றவாளியாக்கும் பிரிவு சட்டப் புத்தகத்தில் எதற்காக இருக்கிறது? பிடிப்பதற்கல்ல, பிடிக்க ஜெயிலும் போதாது. பயமுறுத்துவதற்குத்தான். அந்தப் பயம் யாருக்குப் பிரயோஜனம் என்றால், நாலு பங்கு விலை வைக்கிற கடைக்காரனுக்கும், சட்டத்தில் இல்லாத கையெழுத்தைக் கேட்கிற டாக்டருக்கும்தான். பயந்தவளால் பில் கேட்க முடியுமா? எப்படிச் சாப்பிடுவது என்று இரண்டாந்தரம் கேட்க முடியுமா?

பெண் சிசுவைக் கொல்லுகிறார்களே, அதைத் தடுக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். தடுக்கத்தான் வேண்டும். அதற்கு 1994-ம் வருஷத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் மாத்திரைக்கு விதித்திருக்கும் ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியாது. தெரியாததைக் காரணமாய் வைத்து மாத்திரையை ஒளிப்பது என்ன புத்தி?

கேள்விச் சீட்டுகள் மூன்று வந்திருக்கின்றன. நேரமாகிவிட்டபடியால் சுருக்கமாய்ப் படித்துப் பதில் சொல்லிவிடுகிறோம்.

முதற் சீட்டு: "புருஷன் கையெழுத்து வேண்டுமா?" வேண்டாம். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும் என்று 1971-ம் வருஷத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. 18 நிரம்பாதவளுக்குப் பொறுப்பாளரின் எழுத்து வேண்டும். யாராவது கேட்டால், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டாவது: "கலியாணமாகாதவர்களுக்கு உண்டா?" உண்டு. 2022 செப்டம்பர் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கலியாணமானவள் ஆகாதவள் என்று பிரிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. சட்டப்படி கலைத்துக்கொண்ட பெண்ணின் பேரை டாக்டர் வெளியிட்டால் அவருக்குத்தான் தண்டனை.

மூன்றாவது சீட்டில் பேரில்லை, பென்சிலில் எழுதியிருக்கிறது: "சாப்பிட்டுவிட்டேன், இரத்தம் நிற்கவில்லை என்றால் என்ன செய்வது?" அம்மா, நீங்கள் யாராயிருந்தாலும் கேளுங்கள். வலியும் இரத்தமும் வருவது மருந்தின் வேலையே. ஆனால் பெரிய துணி மணிக்கு இரண்டாய் நனைந்து, அப்படி இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, ஒரு பக்கமாய் வயிறு பிடுங்கினாலோ காத்திருக்கக்கூடாது. கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை பலிக்காது, உயிருக்கு ஆபத்து. தானாய்க் கலைந்த பெண்ணுக்கு என்ன சிகிச்சையோ அதே சிகிச்சைதான் உங்களுக்கும். யாருக்கும் பயப்படாமல், காலைப் பஸ்ஸுக்குக் காத்திராமல், 108-க்குப் போன் செய்துவிட்டு, அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.